திருப்படங்களில் பாதங்களை வெட்டவேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தவக்காலம் பிறந்ததும் நாளிதழ்களின் சமயப் பக்கங்களில் சிலுவைப்பாதைப் படங்களும் வியாகுல மாதா, சகாய மாதா, திருஇருதய ஆண்டவர் படங்களும் வரத் தொடங்கிவிடும். வரவேற்கவேண்டிய வழக்கம். ஆனால் பத்தியின் அகலத்துக்குள் அடக்குவதற்காகப் படத்தை வெட்டும்போது முதலில் பறிபோவது பாதம். அடுத்தது கையில் இருக்கும் பொருள். மிஞ்சுவது முகம் மட்டும். அரசியல்வாதியின் படத்துக்கு முகம் போதும். திருப்படத்துக்குப் போதாது. அங்கே முகத்தைவிடக் கூடுதலாகப் பேசுவது கையும் காலும் நிறமும்தான். ஒவ்வொன்றிலும் கண்ணை நிறுத்திச் செபிப்பதற்காகவே அவை தீட்டப்பட்டன. இந்தக் கடிதம் பத்திரிகைக்கு மட்டுமல்ல, திருவிழாவுக்கு முன் சொரூபங்களுக்குப் பெயின்ற் அடிக்கத் தீர்மானிக்கும் பங்குச் சபையினருக்கும் உரியது.

சகாய மாதா படத்தையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடுகளில் நன்கு பழகிய படம். மூலப்படம் உரோமையில் புனித அல்போன்சு ஆலயத்தில் இருக்கிறது. மரப்பலகையில் தீட்டியது, உயரம் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் அடிதான். 1866இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அதை உலக மீட்பர் சபைத் துறவிகளிடம் ஒப்படைத்தார். அதில் குழந்தை இயேசு தாயைப் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, நமக்கு வலப்பக்க மூலையில் கபிரியேல் தூதர் கொண்டுவரும் சிலுவையையும் ஆணிகளையும் பார்க்கிறார். இடப்பக்க மூலையில் மிக்கேல் அதிதூதரிடம் ஈட்டி, கடற்பஞ்சு செருகிய கோல், காடிப் பாத்திரம். இரு தூதர்களும் அவற்றை வெறுங்கையால் தொடவில்லை. நற்கருணை ஆசீரின்போது குருவானவர் நற்கருணை அப்பம் வைத்த கதிர்ப்பாத்திரத்தைத் தோள்துகிலால் மூடிப் பிடிப்பதுபோல, துணியால் மூடிய கைகளில் ஏந்தியிருக்கிறார்கள். வதைக் கருவிகள் அங்கே ஏற்கனவே திருப்பொருள்கள் ஆகிவிட்டன.

அந்தக் காட்சியைக் கண்ட பிள்ளை, தாயின் வலக்கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டிருக்கிறார். ஓடிவந்த அவசரத்தில் ஒரு காலின் செருப்பு அவிழ்ந்து வாரில் தொங்குகிறது. இந்தச் செருப்பில்தான் படத்தின் பாரம் முழுவதும் இருக்கிறது. கடவுளின் மகன் உண்மையாகவே மனிதனாகி, மனிதப் பிள்ளைக்குரிய பயத்தையும் ஏற்றார் என்பதை வேறு எந்த விளக்கமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது. இன்னொரு பொருளும் உண்டு. ரூத்து ஆகமத்தின் 4ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தின்படி, பண்டைய இஸ்ராயேலில் மீட்பு உரிமையை உறுதிசெய்ய ஒருவன் தன் செருப்பைக் கழற்றி மற்றவனிடம் கொடுப்பான். ஆகவே கழன்ற செருப்பு பயத்தின் அடையாளமாகவும் மீட்பின் உடன்படிக்கையாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. பாதத்தை வெட்டிவிட்டு அச்சிட்டால் இவை இரண்டும் வாசகருக்குக் கிடைக்காது. அழகான தாயும் பிள்ளையும் மட்டுமே கிடைப்பார்கள்.

தாயின் கண்ணையும் கவனிக்கவேண்டும். அவர் மகனைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். அவருடைய கை பிள்ளையின் கைகளை இறுக்கிப் பிடிக்காமல் விரிந்தபடியே இருக்கிறது. பின்னால் வானமும் இல்லை, நிலமும் இல்லை, பொன் மட்டும். இந்தத் துயரம் நிகழ்வது எந்த ஊரிலும் அல்ல, இறைவனின் ஒளிக்குள்ளே என்று அந்தப் பொன் சொல்கிறது. மலிவான அச்சுப் பிரதிகளில் பின்னணியை நீலவானமாக மாற்றியிருப்பார்கள். வாங்கும்போது அதைத் தவிர்ப்பது நல்லது.

இப்படிப்பட்ட படத்தின் முன் செபிக்க இருபது நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் எதையும் விளக்காமல் பார்க்கவேண்டும். கண்ணை ஓர் ஒழுங்கில் நகர்த்தினால் சிதறாது: கண்களிலிருந்து கைகளுக்கு, கைகளிலிருந்து பாதங்களுக்கு, பிறகு மூலைகளுக்கு. அதன்பின் ஒரு வேதப்பகுதியை வாய்விட்டு ஒருமுறை வாசிக்கவேண்டும். சகாய மாதாவுக்கு லூக்கா 2:34-35, உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று சிமியோன் மரியாவிடம் சொன்ன இடம், நன்றாகப் பொருந்தும். வாசித்ததும் மறுபடி படத்துக்கு வந்து, பார்த்தவற்றுள் ஒன்றே ஒன்றில் தங்கவேண்டும். செருப்பென்றால் செருப்பு, கையென்றால் கை. அதை வைத்து ஆண்டவரோடு நம் சொந்தச் சொற்களில் பேசவேண்டும். கடைசி மூன்று நிமிடம் பேச்சும் வேண்டாம். 12ஆம் நூற்றாண்டில் கர்த்தூசியன் துறவி இரண்டாம் கீகோ வேதவாசிப்புக்கு வகுத்த நான்கு படிகளை, அதாவது வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் ஆழ்ந்திருத்தல் என்பவற்றைத்தான் இங்கே கண்ணால் செய்கிறோம்.

இதில் அடிக்கடி நேரும் பிழை, அடையாளங்களை விடுகதைபோல அவிழ்த்துவிட்டு எழும்பிவிடுவது. லீலி என்றால் கற்பு, திறப்பு என்றால் அதிகாரம் என்று மறைக்கல்வி வகுப்பில் பட்டியல் எழுதுவித்தால் பிள்ளைகள் பரீட்சைக்குப் பாடமாக்குவார்கள், செபிக்கமாட்டார்கள். பொருள் தெரிந்த பிறகுதான் தியானம் தொடங்குகிறது. வீட்டில் நேரும் பிழைகள் வேறு. ஒரே சுவரில் பத்துப் படமும் கலண்டரும் மின்குமிழ்ச் சரமும் இருந்தால் கண் எதிலும் நிற்காது. செபிக்கும் இடத்தில் ஒரு படம் போதும். கதவு நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டுவதும் பிழை. பாய் விரித்துத் தரையில் இருந்து செபிக்கும் வீட்டில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றடிக்குள் இருக்கவேண்டும். யன்னலுக்கு நேரெதிரே மாட்டினால் கண்ணாடியில் யன்னல்தான் தெரியும். அதோடு நேர் வெயிலில் அச்சுப்படங்களின் மஞ்சளும் சிவப்பும் முதலில் மங்கி நீலம் மட்டும் எஞ்சும். திருஇருதயத்தின் சுவாலை சாம்பல் நீலமாய்ப் போன படங்களைப் பல வீடுகளில் காணலாம். அன்பின் நெருப்பைக் காட்டவேண்டிய இடம் அது. கைத்தொலைபேசித் திரையும் தியானத்துக்கு உதவாது. செருப்பு வார் அதில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும்.

இனிச் சொரூபங்கள். முருகனை வேலாலும் மயிலாலும் அறிகிற நம் ஊரில், கையில் இருப்பதைக் கொண்டு ஆளை அறிவது யாருக்கும் புதிதல்ல. ஆனாலும் நம் பங்குகளின் பாதுகாவலர்களின் கைகளில் இருப்பவற்றை நாம் போதியளவு பார்ப்பதில்லை என்றே தோன்றுகிறது. பாசையூரில் கொண்டாடப்படும் அந்தோனியாரின் கையில் பல சொரூபங்களில் ஒரு புத்தகமும், அதன்மேல் குழந்தை இயேசுவும் இருப்பர். புத்தகம் வேதாகமம். வேதத்தை ஆழ்ந்து போதித்தவரின் ஏட்டிலிருந்தே வார்த்தையானவர் எழும்பி நிற்கிறார் என்பது பொருள். புத்தகம் உடைந்துபோய், பிள்ளையைத் தோளில் ஒட்டிவைத்தால் அந்தோனியார் பிள்ளைகளில் பிரியமுள்ள நல்ல துறவி மட்டும் ஆகிவிடுகிறார். இடுப்புக் கயிற்றில் மூன்று முடிச்சுகள் உண்டு: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். பெயின்ற் தடிப்பாக ஏறும்போது முடிச்சுகள் மறைந்து வெறும் கயிறாகிவிடும்.

குருநகரிலும் கிளாலியிலும் வணங்கப்படும் அப்போஸ்தலர் யாகப்பருக்கு யாத்திரிகரின் கோல், தண்ணீர்க் குடுவை, மேலாடையில் சிப்பி. ஸ்பெயினின் கொம்பொஸ்தெலாவில் இருக்கும் அவருடைய கல்லறையைத் தேடி நடந்த மக்கள் சிப்பியை அடையாளமாக அணிந்தார்கள். காலப்போக்கில் அப்போஸ்தலரையே அவர்களுடைய உடையில் வரைந்தார்கள். தன்னைத் தேடி வருகிறவர்களோடு தானும் ஒருவராய் நடக்கும் புனிதர்! செபெதேயுவின் மகன், வலையை விட்டு எழும்பி வந்தவர். கடற்றொழில் செய்யும் ஒரு பங்குக்கு அந்தச் சிப்பியைவிடப் பெரிய மறையுரை வேண்டியதில்லை. சொரூபத்தில் அது சிறியதுதான், பெருவிரல் நகத்தளவு இருக்கலாம். பெயின்ற் அடிப்பவர் அதைப் பொத்தான் என்று நினைத்துத் தட்டையாக்கிவிட்டால் எல்லாம் போயிற்று.

இராயப்பரின், அதாவது அப்போஸ்தலர் பேதுருவின், திறப்புகள் இரண்டு, ஒன்று பொன், மற்றது வெள்ளி. மத்தேயு 16:19இல் விண்ணிலும் மண்ணிலும் கட்டுவதும் அவிழ்ப்பதும் சொல்லப்படுவதால் அப்படி. இரண்டையும் ஒரே பொன்நிறத்தில் பூசக்கூடாது. செபஸ்தியார் அம்புகளால் இறக்கவில்லை; ஐரீன் என்ற விதவை பராமரித்துப் பிழைத்தபின், மீண்டும் அரசன் முன் நின்று தடியடியில் மரித்தார். ஆகவே அம்பு அவருடைய சாவின் அடையாளம் அல்ல, தப்பியும் திரும்பிப் போன துணிவின் அடையாளம். அம்புகள் தொலைந்தால் புதிதாகச் செய்து பொருத்தவேண்டும்.

சிலுவையில் அறையுண்ட ஆண்டவரைக் காட்டும் பாடுபட்ட சுரூபத்தில் தலை வழக்கமாக அவருடைய வலப்பக்கம் சாய்ந்திருக்கும்; விலாக் காயமும் வலப்பக்கமே. எந்தப் பக்கம் என்று யோவான் நற்செய்தி சொல்லவில்லை. எசேக்கியேல் 47ஆம் அதிகாரத்தில் ஆலயத்தின் வலப்பக்கத்திலிருந்து தண்ணீர் புறப்பட்டு, ஆறாகிச் சாக்கடலையே உயிர்ப்பிக்கிறது. கிறிஸ்துவின் உடலே அந்த ஆலயம் என்று திருச்சபை வாசித்தது. கலைஞர் வலப்பக்கம் காயத்தை வைத்தனர். அடியில் இருக்கும் மண்டையோடு ஆதாமுடையது. இரத்தம் அதன்மேல் சொட்டவேண்டும் என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. பார்க்க நன்றாக இல்லை, அபசகுனம் என்று சொல்லி அதைப் பூக்களால் மறைப்பதும் வெட்டி அகற்றுவதும் வேண்டாம். ஒளிவட்டத்திலும் கவனம் தேவை: பழைய மரபில் வட்டத்துக்குள் சிலுவை வருவது கிறிஸ்துவுக்கு மட்டுமே. எல்லாத் தலைகளுக்கும் பின்னால் ஒரே மாதிரி மின்வளையம் பூட்டினால் ஆண்டவருக்கும் அடியாருக்கும் வேறுபாடு இல்லாமற்போகும்.

நற்கருணை அப்பத்தை வைக்கும் பேழையின் கதவுகளில் சில இடங்களில் ஒரு பறவை இருக்கும். அன்னம் என்று நினைப்போர் உண்டு. அது கூழைக்கடா, நம் கடனீரேரியில் மேயும் அதே இனம். தாய்ப்பறவை தன் மார்பைக் கொத்தி, இரத்தத்தால் குஞ்சுகளை உயிர்ப்பிக்கும் என்று பழங்காலத்தார் நம்பினர். அலகை மார்பில் அழுத்தி, பையிலிருக்கும் மீனைக் குஞ்சுகளுக்குக் கொடுப்பதைப் பார்த்தே அந்த நம்பிக்கை பிறந்திருக்கவேண்டும். தம் இரத்தத்தால் நம்மைப் போஷிக்கும் கிறிஸ்துவுக்கு அது அடையாளமாயிற்று. பித்தளைக் கதவை வாரந்தோறும் மெருகுத் திரவத்தால் தேய்க்கும்போது உலோகத்தின் மெல்லிய படை ஒவ்வொரு முறையும் போகிறது. முதலில் அழிவது மார்பில் இருக்கும் இரத்தத் துளிகள். வழமையான துப்புரவுக்கு உலர்ந்த மெல்லிய துணி போதும். மெருகு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

பெயின்ற் விடயத்துக்கு வருகிறேன். நம் பழைய சொரூபங்களில் பல பிளாஸ்ரர் ஒவ் பரிஸ், சில மரம். பிளாஸ்ரர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் பொருள். அதன்மேல் எனாமல் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, ஓரிரு மாரி கழிய மேற்பூச்சு கொப்பளித்து உரியும். உரியும்போது அடியிலிருக்கும் பழைய நிறத்தையும் கண்ணிமை, உதடு வரைந்த கோடுகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். கைகளுக்கு உள்ளே இரும்புக் கம்பி இருக்கும். கடற்காற்றில் அது துருப்பிடித்துப் பருக்கும். விரல்கள் வெடிப்பது அதனால்தான். வெளியே எத்தனை தரம் புட்டி வைத்தாலும் நில்லாது, கம்பியை மாற்றவேண்டும். புட்டியால் வரும் இன்னொரு கேடு: திருஇருதயத்தில் இருக்கும் ஈட்டிக் காயத்தை வெடிப்பென்று நினைத்து அடைத்துவிடுவது. பொன்நிறத்துக்கு வாங்கும் வெண்கலத் தூளில் செம்பு இருப்பதால் உப்புக்காற்றில் கறுத்தோ பச்சையாகவோ போகும். இரண்டு திருவிழாவுக்கு மேல் மினுங்காது. சவர்க்காரத் தண்ணீரால் கழுவுவது எல்லாவற்றிலும் மோசம், பிளாஸ்ரர் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கரையும்.

செய்யவேண்டியது கடினமானதல்ல. கை வைக்குமுன் நான்கு பக்கமும், பிறகு கைகள், பாதங்கள், பீடம் என்று தனித்தனியாகவும் படம் எடுத்துப் பங்கின் பதிவேட்டோடு வைக்கவேண்டும். உடைந்த துண்டுகளை எறியாமல், எந்த இடத்துத் துண்டு என்று எழுதி ஒரு பெட்டியில் போடவேண்டும். தூசியை மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டினால் போதும். சுவருக்கும் சொரூபத்துக்கும் இடையே இரண்டங்குலம் காற்றோட்டம் விடுங்கள். மெழுகுதிரித் தட்டு மூன்றடி தள்ளி இருக்கட்டும், மாலை சொரூபத்தின் கழுத்தில் அல்லாமல் முன்னாலுள்ள தாங்கியில் விழட்டும். கூட்டில் வைத்துப் பவனி கொண்டுபோக ஒரு பிரதி செய்துகொண்டால் பழையது குலுங்காது. நிறம் கட்டாயம் புதுப்பிக்கவேண்டுமென்றால், பளபளப்பில்லாத, தண்ணீரில் கரைக்கும் பூச்சை உரிந்த இடத்தில் மட்டும் தொட்டுவைக்கலாம், முழுவதையும் மூடவேண்டாம்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. குருநகர் யாகப்பர் ஆலயம் 1993இலும் நவாலி இராயப்பர் ஆலயம் 1995 யூலை 9ஆம் திகதியும் குண்டுவீச்சுக்கு இலக்காயின, உயிர்கள் போயின. எத்தனையோ கோயில்களில் பழைய சொரூபங்கள் மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றை நாமே நம் கையால் ஊமையாக்கக்கூடாது.

உருவங்கள் வேண்டாம் என்னும் சகோதர சபையினரோடு வாதாடுவது என் நோக்கமல்ல. 787ஆம் ஆண்டு இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம், உருவத்துக்குச் செய்யும் மரியாதை அதில் காட்டப்படுகிறவரையே சேர்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. நாங்கள் அதில் நிற்கிறோம். வெறுஞ்சுவர்களை விரும்பிய ஒல்லாந்தரும் யாழ். கோட்டைக்குள் 1706இல் கட்டிய தேவாலயத்துக்கு நான்கு கைகளும் சமமான சிலுவையைத் தரைப்படமாக வைத்தார்கள். உள்ளே நடந்தவர்கள் சிலுவைக்குள்ளேயே நடந்தார்கள்.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு தொடக்கம் சொரூபங்களை ஊதாத் துணியால் மூடும் வழக்கத்தையும் இங்கே நினைக்கவேண்டும். சிலுவை பெரிய வெள்ளி வழிபாடு முடியும்வரை, மற்றவை உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவின் பாஸ்காத் திருவிழிப்புத் தொடங்கும்வரை மூடியிருக்கும். வருடம் முழுவதும் பார்த்தவருக்குத்தான் அந்த இரண்டு வாரம் கண்ணுக்கு நோன்பாக இருக்கும். பாராதவருக்கு அது வெறும் துணி. ஆகையால் மூடுவதற்கு முந்திய ஞாயிறு, மறைக்கல்விப் பிள்ளைகளை ஒரு சொரூபத்தின் முன் பத்து நிமிடம் நிறுத்தி, கண்டதை மட்டும் சொல்லவிடுவது நல்லது.

திருவிழாப் பதாகைகளுக்குச் செயற்கை நுண்ணறிவில் செய்த படங்களைப் போடுவதும் இப்போது பரவுகிறது. முகம் வசீகரமாக இருக்கிறது. கையில் இருக்கவேண்டியது இருப்பதில்லை, இருந்தாலும் மாறியிருக்கிறது. அச்சுக்குக் கொடுக்குமுன் பங்குத்தந்தையோ அருட்சகோதரியோ ஒருமுறை பார்த்துத் திருத்தவேண்டும்.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். சாம்பல் புதனை அடுத்த வெள்ளி தொடக்கம் பெரிய வெள்ளி வரை ஏழு வெள்ளிக்கிழமைகள். சிலுவைப்பாதை நிலைகள் பதினான்கு. 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து உறுதிசெய்த தொகை அது. வெள்ளிக்கு இரண்டு நிலையாக, வெட்டாமல், மேலே எழுத்து அச்சிடாமல், நம் கோயில்களில் இருக்கும் நிலைகளையே படமெடுத்துப் போடலாம். அடியில் நீண்ட விளக்கம் வேண்டாம், ஒரு வேத வசனம் போதும். நற்செய்தியில் நேரே வராத நிலைகள் ஐந்துக்குத்தான் வசனம் தேடவேண்டியிருக்கும். தாயைச் சந்திக்கும் நான்காம் நிலைக்கு லூக்கா 2:35, வெரோனிக்காவின் ஆறாம் நிலைக்கு ஏசாயா 53:2, ஆண்டவர் விழும் மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் நிலைகளுக்கு அதே அதிகாரத்தின் 4, 5, 6ஆம் வசனங்களை வரிசையாக இடலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
யாழ்ப்பாணம்.